பட்டா யார் பெயரில்?

நீங்கள் எழுதிய நிரல் உலகமெங்கும் ஓடுகிறது. பெருமைப்படுங்கள், தகும். இப்போது ஒரு கேள்வி. அந்தத் திட்டத்தின் பெயர் யாருக்குச் சொந்தம்? டொமைன் யாருடைய கணக்கில் இருக்கிறது? புதிய பதிப்பை வெளியிடும்போது கையெழுத்திடும் சாவி யாரிடம்? நாளைக்கே ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்கிவிட்டால், நீங்கள் தூக்கம் விட்டு உழைத்ததெல்லாம் யாருடைய மேசைக்குப் போய்ச் சேரும்?

பெரும்பாலானவர்களிடம் பதில் இல்லை. பிழை திருத்தியவர்கள், கையேடு எழுதியவர்கள், மெனுக்களைத் தமிழாக்கியவர்கள், நள்ளிரவில் யாரோ முகம் தெரியாதவரின் சந்தேகத்துக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள் என ஆயிரம் பேர் உழைத்திருப்பார்கள். வணிகக்குறி மட்டும் ஒரு கம்பெனியிடம் இருக்கும். ஊரே கூடி வெட்டிய கிணறு, பட்டா ஒருவர் பெயரில்! தண்ணீர் இறைக்க விடும்வரை யாருக்கும் அது உறைப்பதில்லை.

“சரி, ஆனால் இதையெல்லாம் கேட்க நான் யார்? நான் ஒரு சாதாரணப் பங்களிப்பாளன்தானே?” இந்த எண்ணம்தான் உங்களைக் குனிய வைக்கிறது. கம்பெனியிடம் கட்டடம் இருக்கிறது, வக்கீல்கள் இருக்கிறார்கள், பெயர் இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது அந்த மென்பொருளே! அதை எழுதவும் திருத்தவும் தெரிந்த மூளையும் கையும் எழுந்து போய்விட்டால், மிச்சமிருப்பது வெறும் பெயர்ப்பலகை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நடந்திருக்கிறது.

1985-இல் ஜெர்மனியின் லூனபர்க் நகரத்தில், பள்ளிப் பருவத்தைத் தாண்டாத மார்கோ போரிஸ் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த ஸ்டார்ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000 அக்டோபரில் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஓப்பன்ஆஃபிஸ் பிறந்தது. தொடக்கத்திலேயே ஒரு வாக்குறுதியும் தரப்பட்டது: இந்தத் திட்டம் ஒருநாள் தனி அறக்கட்டளையின் கையில் ஒப்படைக்கப்படும்.

பத்தாண்டு போனது. தன்னார்வலர்கள் உழைத்தார்கள், எத்தனையோ மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள். அறக்கட்டளை மட்டும் வரவில்லை. ஒரு திருத்தத்தைச் சேர்க்க வேண்டும் என்றால்கூட முதலில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, உங்கள் வரிகளின் காப்புரிமையைச் சன் நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். போட்டார்கள். நல்ல மனிதர்கள், நல்ல கம்பெனி, எதற்குச் சந்தேகம் என்று போட்டார்கள். 2010 ஜனவரியில் அந்த நல்ல கம்பெனியை ஆரக்கிள் வாங்கி முடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சன் வளர்த்த ஓப்பன்சோலாரிஸ் திட்டத்தை ஆரக்கிள் நிறுத்தியது. ஜாவாவுக்காகக் கூகுள் மீது வழக்குப் போட்டது. ஓப்பன்ஆஃபிஸ்காரர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்து யார் என்று அவர்களுக்குப் புரிந்தது.

2010 செப்டம்பர் 28. ஒரு சிறு கூட்டம் எழுந்து நின்று அறிவித்தது: டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற சுதந்திர அமைப்பைத் தொடங்குகிறோம்.

அன்று அவர்கள் கையில் என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அலுவலகம் இல்லை. சட்டப்படி பதிவு இல்லை. மூலதனம் இல்லை. மென்பொருளுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. லிப்ரெஆஃபிஸ் என்பது அப்போதைக்கு வைத்துக்கொண்ட பெயர். ஓப்பன்ஆஃபிஸ் என்ற பெயரைத் தந்துவிடுங்கள், நீங்களும் வந்து எங்களோடு உட்காருங்கள் என்று ஆரக்கிளையே அழைத்திருந்தார்கள். எவ்வளவு நிமிர்ந்த மனம் இருந்தால் இப்படி அழைக்க முடியும்! கெஞ்சவும் இல்லை, வசைபாடவும் இல்லை. எங்கள் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு என்றார்கள்.

பதில் அக்டோபரில் வந்தது. ஓப்பன்ஆஃபிஸ் சமூக மன்றத்தின் கூட்டத்தில், புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் மன்றத்திலிருந்து விலக வேண்டும் என்று கேட்கப்பட்டது. இரண்டு படகில் கால் வைக்கக் கூடாதாம். வருஷக்கணக்காக அந்தத் திட்டத்தைத் தோளில் சுமந்தவர்களைப் பார்த்து, வெளியே போங்கள் என்று சொன்னார்கள்!

போனார்கள். போய் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல் வேலையாக, காப்புரிமைத் தாளில் கையெழுத்துக் கேட்பதை நிறுத்தினார்கள். உன் வரி உன்னுடையது, உரிமத்தை ஏற்றுக்கொண்டால் போதும், உள்ளே வா என்று கதவைத் திறந்தார்கள். அடுத்து, புதிதாக வருபவர்கள் ஒரே மாலையில் முடிக்கக்கூடிய சிறு சிறு வேலைகளைப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். அந்த நிரலைத் திறந்து பார்த்தால் ஜெர்மனியில் பிறந்த அடையாளம் அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கான விளக்கக் குறிப்புகள் ஜெர்மன் மொழியில். ஒரு ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளவே அகராதி வேண்டும். நிரல் எழுதத் தயங்கியவர்கள்கூட அந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாக ஆங்கிலமாக்கினார்கள். ஒருவர் ஒரு கோப்பு, இன்னொருவர் அடுத்த கோப்பு. இது வருஷக்கணக்கில் நடந்தது. மேடையில் யாரும் இதற்கு மாலை போடுவதில்லை. ஆனால் ஒரு திட்டம் மக்களுடையதாக மாறுவது இந்த மாதிரி வேலையில்தான் என்பேன்.

2011 ஜனவரி 25-இல் லிப்ரெஆஃபிஸ் 3.3 வெளிவந்தது. அடுத்த மாதம் பணம் கேட்டார்கள். ஜெர்மன் சட்டப்படி அறக்கட்டளை அமைக்க 50,000 யூரோ மூலதனம் தேவைப்பட்டது. பெரிய கம்பெனியின் காசோலைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை; பயன்படுத்தும் மக்களிடம் நேராகக் கை நீட்டினார்கள். எட்டே நாளில் நிறைந்தது! ஏப்ரலில் வந்த உபுண்டுவின் புதிய பதிப்பில் ஓப்பன்ஆஃபிஸ் இருந்த இடத்தில் லிப்ரெஆஃபிஸ் உட்கார்ந்திருந்தது. அதே ஏப்ரலில் ஆரக்கிள், ஓப்பன்ஆஃபிஸின் வணிகப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. வெளியே போங்கள் என்று சொல்லி ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2012 பிப்ரவரி 17-இல் பெர்லினில் அறக்கட்டளை சட்டப்படி உயிர்பெற்றது.

ஏன் அறக்கட்டளை? இன்னொரு நல்ல கம்பெனி போதாதா? போதாது. ஜெர்மன் அறக்கட்டளைக்குப் பங்குகள் கிடையாது. பங்கு இல்லாததை வாங்க முடியாது. வாங்க முடியாததை இழுத்து மூடவும் முடியாது. அதன் பணம் எந்த நோக்கத்துக்காக வைக்கப்பட்டதோ அதற்குத்தான் பயன்பட வேண்டும். அரசின் மேற்பார்வை உண்டு. உழைத்தவர்கள் உறுப்பினர் ஆகலாம். அந்த உறுப்பினர்கள்தான் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் ஆட்கள் அந்தக் குழுவை நிரப்பிவிடாதபடி உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். இன்று உங்கள் கணினியில் லிப்ரெஆஃபிஸைத் தமிழ் மெனுவோடு திறக்க முடிகிறது என்றால், அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாதபடி அன்றைக்கே பூட்டுப் போட்டு வைத்தவர்கள் இவர்கள்.

இந்தக் கதையின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். 2011 ஜூனில் ஆரக்கிள் ஓப்பன்ஆஃபிஸ் பெயரையும் நிரலையும் அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. அப்பாச்சி 1999 முதல் மதிப்போடு நடக்கும் அமைப்பு. நடுநிலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆட்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தார்கள். உலகம் அறிந்த பெயர் ஓரிடத்தில், உழைத்த கைகள் இன்னோரிடத்தில். அப்பாச்சி ஓப்பன்ஆஃபிஸ் 2014-இல் 4.1 பதிப்பைத் தொட்டது. அதன் பிறகு வந்தவையெல்லாம் அதே 4.1-இன் சிறு திருத்தங்கள். லிப்ரெஆஃபிஸோ ஆண்டுக்கு இரண்டு பெரும் பதிப்புகளாக நடந்துகொண்டே இருக்கிறது. பெயரை இழந்தவர்கள் வாழ்ந்தார்கள்! உங்களை நீங்களே குறைத்து எடைபோடும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், காலம் கடந்து வரும் அறக்கட்டளையால் எல்லாவற்றையும் மீட்க முடியாது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திட்டத்தைத் தொடங்கியவரிடம் பேசுகிறேன். ஆமாம், உங்களிடம்தான். முதல் வரியை எழுதியவர் நீங்கள். எல்லா அனுமதியும் உங்கள் ஒருவர் கணக்கில். கொடுத்துவிட்டால் நாளை என்னை யார் மதிப்பார்கள், என் திட்டத்தை எங்கேயோ கொண்டுபோய்விடுவார்களே என்று நெஞ்சு படபடக்கிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு நான் தலை வணங்க மாட்டேன். கைக்குள் இறுக்கிப் பிடித்திருப்பவரைப் பார்த்து, இவருக்குத் தன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லை. பிறர் நிரல் தன் நிரலோடு மோதட்டும், வாக்கெடுப்பில் தன் யோசனை தோற்கட்டும், அப்போதும் என் சொல்லுக்கு எடை இருக்கும் என்று நினைப்பவரால்தான் சாவியை மேசைமேல் வைக்க முடியும்.

கூகுள் வைத்தது. கூபர்நெட்டிஸ் என்ற தன் மென்பொருளை 2014 ஜூனில் வெளியிட்டு, 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வந்த கையோடு, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அமைந்த புதிய அமைப்பிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. கம்பெனியின் கணக்கு என்னவோ இருக்கட்டும், விளைவைப் பாருங்கள். நேருக்கு நேர் மோதும் போட்டியாளர்களான மைக்ரோசாஃப்டும் அமேசானும் 2017-இல் அடுத்தடுத்து அந்த அமைப்பில் வந்து சேர்ந்தன. கூகுளின் சொத்தாகவே இருந்திருந்தால் அமேசானின் பொறியாளர் அதற்காகத் தன் நாளைச் செலவழித்திருப்பாரா?

மாறாக ரெடிஸைப் பாருங்கள். 2009-இல் பிறந்து, தாராளமான உரிமத்தில் வளர்ந்து, உலகின் பெரிய தளங்களையெல்லாம் தாங்கிய மென்பொருள். 2024 மார்ச் 20-இல் அதன் பெயரை வைத்திருந்த கம்பெனி உரிமத்தை மாற்றியது. எட்டு நாள்தான்! மார்ச் 28-இல் வால்கீ என்ற புதிய பெயரில், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கூரையின் கீழ் அதே நிரல் எழுந்து நின்றது. முன்னின்றவர்கள் ரெடிஸைப் பராமரித்து வந்த பொறியாளர்களே. ஆதரவு தெரிவித்த நிறுவனங்களின் வரிசையில் ஆரக்கிளும் இருந்தது. 2010-இல் அத்தனை மாதம் பிடித்த வேலை 2024-இல் எட்டு நாளில் முடிகிறது. வழி போட்டு வைத்திருக்கிறார்கள்; நடக்க வேண்டியது மட்டும்தான் நம் வேலை.

எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளை என்று பெயர் இருந்தாலே எல்லாம் ஒன்றாகிவிடாது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் அமெரிக்கச் சட்டத்தில் வணிகச் சங்க வகை. கம்பெனிகள் சந்தா கட்டி உறுப்பினராகின்றன. பெரிய நிறுவனங்கள் கூடி உழைக்கும் திட்டத்துக்கு அது பொருந்தும். அப்பாச்சி பொதுநல அமைப்பு. அங்கே வாக்கு மனிதருக்கு, கம்பெனிக்கு அல்ல. இன்று ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, நாளை ராஜினாமா செய்தாலும் அங்கே நீங்கள் உழைத்துச் சம்பாதித்த இடம் உங்களோடு வரும். இதைவிடத் தன்மானமான ஏற்பாடு வேறு என்ன வேண்டும்? சிறிய திட்டம்தானே என்று தயங்கினால், சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வென்சியைப் பாருங்கள். 2006 முதல் இயங்குகிறது, கிட்டும் இங்க்ஸ்கேப்பும் அதன் நிழலில்தான் இருக்கின்றன. டெபியன் திட்டத்தின் பணத்தையும் பெயரையும் காக்கவே 1997-இல் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். இன்று அது வேறு பல திட்டங்களுக்கும் கணக்கு வைத்துக் கொடுக்கிறது. வரவு செலவு, நன்கொடை ரசீது, வக்கீல் கடிதம் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொண்டால், நீங்கள் நிரலைப் பார்க்கலாம்.

ஒப்படைப்பது என்றால் அறிவிப்பு எழுதி, படம் எடுத்துக்கொள்வது என்று நினைக்காதீர்கள். வணிகக்குறி எழுத்துப்பூர்வமாகக் கைமாற வேண்டும். டொமைனைப் புதுப்பிக்கும் மின்னஞ்சல் ஒருவரின் சொந்தப் பெட்டிக்கு வரக் கூடாது. ரெப்போவின் நிர்வாக அனுமதி, தொகுப்புகளை வெளியிடும் கணக்கு, சோதனை ஓடும் சர்வர், நன்கொடை விழும் வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றும் மாற வேண்டும். ஒன்றை விட்டாலும் அங்கேதான் பிடி இருக்கும். முடிவு எப்படி எடுப்போம், கருத்து வேறுபட்டால் யார் தீர்ப்பார்கள், புதியவர் எப்படிப் பராமரிப்பாளர் ஆவார், ஒருவரை எப்படி விலக்குவது என்பதையெல்லாம் நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். சண்டை வரும். வரட்டும். விதி எழுதி வைத்த வீட்டில் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு.

தமிழில் மென்பொருள் செய்யும் தம்பி தங்கைகளிடம் இதைக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்கிறேன். எழுத்துருவோ, சொற்பிழை திருத்தியோ, அகராதியோ, ஒருவரின் தனிப்பட்ட சர்வரில் வாழ்ந்தால் அவர் வேலை மாறும்போது, உடல்நலம் குன்றும்போது, டொமைன் பணம் கட்ட மறக்கும்போது அதுவும் போய்விடும். பல வருஷ உழைப்பு ஒரு கடவுச்சொல்லோடு மறைவதைச் சகித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. இரண்டு பேர் உழைக்கும் திட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்றாவது ஆளுக்கும் சாவி கொடுங்கள். ஒரு பொது அமைப்பின் கதவைத் தட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்குங்கள். குரல் நடுங்கினாலும் தூக்குங்கள். வணிகக்குறி யார் பெயரில் இருக்கிறது, டொமைன் யாரிடம், வெளியிடும் சாவி எத்தனை பேரிடம் என்று வரிசையாகக் கேளுங்கள். பதில்களை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள். பிறகு, நடுநிலையான அமைப்புக்கு மாற்றலாம் என்ற தீர்மானத்தை நீங்களே முன்மொழியுங்கள். வழிமொழிய ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். “நல்ல யோசனை, பார்க்கலாம்” என்பார்கள். தேதி கேளுங்கள்.