நீலியின் கணக்கு

அக்கா மகள் பெங்களூரில் கணினி விளையாட்டு தயாரிக்கும் குழு ஒன்றில் கதை எழுதுகிறாள். ஓசூரில் என்னோடு தங்கி, தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வருகிறாள். எதிராளியின் உயிரை உறிஞ்சித் தன்னுயிராக்கிக்கொள்ளும் ஒரு பெண் பாத்திரத்தைப் போன மாதம் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். "பேய்க்கதை ஏதாவது சொல்லு சித்தி" என்றாள்.

இந்த விளையாட்டுகளில் விதி எளியது. எதிரியின் உயிர்ப்பட்டையில் பத்து குறைந்தால் இவளுடையதில் பத்தோ ஐந்தோ ஏறும். எவ்வளவு ஏறலாம் என்றுதான் விவாதமெல்லாம். யாரிடமிருந்து எடுக்கலாம் என்ற கேள்வியே இல்லை.

நான் பழையனூர் நீலியைச் சொன்னேன். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர். கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. வணிகன் ஒருவன் மனைவியைக் கொல்கிறான். அவள் பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் கணவன் தன்னைக் கைவிட்டான் என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர்முன் அழுகிறாள். இவள் பேய் என்று அவன் அலறுகிறான். அவர்கள் அவளை நம்புகிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று அவனுக்கு வாக்களித்து அவளோடு தங்கவைக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

வாக்கு காத்தவர்கள் என்று அவர்களுக்குப் புகழ். அவளுக்குக் கிடைத்தது நீலிக்கண்ணீர் என்ற சொல். கொலையுண்டவள் அழுதால் அது பொய்யழுகையாம்! கொன்றவன் பெயரில் வசைச்சொல் எதையும் நான் கேட்டதில்லை.

"அப்ப தன்னைக் கொன்னவன்கிட்ட இருந்து மட்டும்தான் எடுக்க முடியும்னு வெச்சிடலாம்" என்றாள். எனக்கும் பிடித்தது. அது திருட்டல்ல, கடன் வசூல். உடனே நினைவுக்கு வந்தது அக்காதான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆவது பிரிவில் ஜீவனாம்சம் கேட்டு ஆறு வருஷம் நடந்தாள். ஜீவனத்தில் ஒரு பங்கு, சொல்லே அதைத்தான் சொல்கிறது. சிப்காட் கம்பெனி ஒன்றில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்தவளுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். வாங்கப் போனவளின் பட்டைதான் குறைந்துகொண்டே வந்தது.

1990களில் பெங்களூர்ப் பக்கம் கதவுகளில் 'நாளெ பா' என்று எழுதிவைத்தார்கள். நாளைக்கு வா. இரவில் கதவைத் தட்டும் பேய்ப்பெண் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவாளாம், மறுநாளும் அப்படியே. எழுத்துக்குக் கட்டுப்படும் பேய்! மகள் அதை எதிர்சக்தியாகக் குறித்துக்கொண்டாள். அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

ஆனால் அந்த எழுபது பேர் என்னை விடவில்லை. கொன்றவர்கள் அவர்கள் அல்லர். அழுகிற பெண்ணை நம்பியவர்கள். அந்த நம்பிக்கையைத்தான் நீலி ஆயுதமாக்கினாள். அவர்களுடைய சாவைக் கடன் வசூல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்காக அவள் சும்மா இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். அவன் உயிருக்கு எழுபது பேர் பிணை நின்றார்கள். அவள் உயிரோடிருந்தபோது அவளுக்கு யார் நின்றார்கள்?

எழுபது பேரை எடுத்துவிட்டால் ஆட்டம் சுலபமாகும் என்கிறதாம் குழு. எடுக்காதே என்றேன். அவன் பட்டை குறையும்போது அவர்களுடையதும் திரையில் தெரியட்டும், ஆடுகிறவள் அதைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தட்டும். "அப்ப யாரும் அழுத்தமாட்டாங்க சித்தி" என்றாள். அக்கா அழுத்துவாளா என்று அவளிடமே கேட்டேன். பதில் சொல்லாமல் மடிக்கணினியை மூடினாள்.