பரிகாசம் என்னும் பழக்கம்

திகில் நாவலும் கையுமாக இருக்கும் இளைஞரைக் கண்டால் பெரியவர்களில் பலர் முகம் சுளிப்பதுண்டு. பேயும் இரத்தமும் பிஞ்சு மனத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலையை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும், ஸ்டீபன் கிங் எழுதி 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கேரி’ என்னும் நாவலை, ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் கழித்துவிட்ட நான் ஓய்வு பெற்றபின் வாசித்தபோது, இரவில் என் உறக்கத்தைக் கெடுத்தது அதில் வரும் அமானுஷ்ய சக்தியன்று. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சிரிப்பு.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், சேம்பர்லின் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் கதை நிகழ்கிறது. உடலைப் பற்றிய நினைவே பாவம் என்று கருதும் மதவெறி கொண்ட தாயால் வளர்க்கப்பட்டு, மாதவிலக்கு என்பதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டறியாத கேரி, உடற்பயிற்சி வகுப்பு முடிந்து குளிக்குமிடத்தில், சக மாணவிகளின் நடுவே முதன்முதலாக உதிரம் கண்டு, தான் சாகப்போகிறோம் என்று அலறுகிறாள். சுற்றி நிற்பவர்களோ ஒரே குரலில் கூச்சலிட்டு, நாப்கின்களை அவள்மீது வீசியெறிகிறார்கள். ஓடிவந்த ஆசிரியையும், என்ன நேர்ந்தது என்று உணருமுன், அருவருப்பு மேலிட்டு அவளை ஓர் அறை அறைந்துவிடுகிறாள். அந்த அறையை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அவள் கொடியவள் அல்லள். பிறகு அந்தப் பெண்ணுக்காக மனமாரப் பரிந்து நிற்பவள். ஆனால் அந்த ஒரு கணத்தில் வகுப்பு முழுவதும் கேரியை எந்தக் கண்ணால் பார்த்ததோ, அதே கண்ணால்தான் அவளும் பார்த்தாள்.

இதை எழுதியபோது கிங்கும் பள்ளி ஆசிரியராகவே ஜீவனம் நடத்தி வந்தார். எழுதிய முதற்பக்கங்கள் பிடிக்காமல் அவர் குப்பையில் எறிந்துவிட, அவருடைய மனைவி டபிதா அவற்றை எடுத்துப் படித்து, மேலே எழுதும்படி தூண்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதைவிட என் மனத்தில் தைத்தது அவர் பின்னாளில் சொன்ன வேறொரு நினைவு. அவர் படித்த பள்ளியில், நாள்தோறும் ஒரே உடையில் வந்து ஏளனத்துக்கு ஆளான ஒரு பெண், கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து புத்தாடையும் புதுச் சிகையலங்காரமுமாய் வந்தாளாம்; அன்று அவளை இகழ்ந்து பேசியது குறையவில்லை, முன்னிலும் மிகுந்ததாம். நாம் ஒருவருக்கு ஒதுக்கிவைத்த இடத்தை விட்டு அவர் எழுந்து வந்துவிட்டால் நமக்கு ஏன் அத்தனை கோபம் வருகிறது? உடைதான் குற்றம் என்றால், புதிய உடை அந்தக் குற்றத்தைத் தீர்த்திருக்க வேண்டுமே!

நாவலின் நடுவே விசாரணைக் குழுவின் அறிக்கைகளும், பத்திரிகைச் செய்திகளும், உயிர் தப்பியோர் எழுதிய நூல்களின் பகுதிகளும் கோக்கப்பட்டிருப்பதால், 400-க்கும் மேற்பட்டோர் மாளப் போகிறார்கள் என்பது வாசகனுக்கு முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. தெரிந்திருந்தும், ஆணும் பெண்ணுமாய் இணைந்து செல்லும் அந்தப் பள்ளி நடன விழாவில், தானே தைத்த உடையணிந்து கேரி நுழையும்போது, இந்த இரவாவது நல்லவிதமாய் முடியாதா என்று மனம் ஏங்குகிறது. ஏனெனில் அங்கே சிலர் அவளிடம் உண்மையாகவே அன்பாகப் பேசுகிறார்கள். பிறகு, வஞ்சம் கொண்ட சிலர் மேலே கட்டிவைத்திருந்த வாளிகளிலிருந்து பன்றியின் இரத்தம் அவள் தலையில் கொட்டுகிறது, மண்டபம் சிரிக்கிறது. வாளியைக் கட்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சிரித்தவர்களோ அதில் சம்பந்தமே இல்லாதவர்கள், சற்று முன் அவளுக்காகக் கைதட்டியவர்கள். உயிர் தப்பிய மாணவி ஒருத்தி, அந்தச் சிரிப்பை அடக்க யாராலும் இயலவில்லை என்றே சாட்சி சொல்கிறாள். பொய் என்று அதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பல்லாண்டுகளாக ஒருத்தியைக் கண்டு சிரித்துப் பழகிய வாய், அன்பு தோன்றிய அந்த ஒரு மணி நேரத்தில் பழக்கத்தை மறந்துவிடுமா?

சூ ஸ்நெல் என்னும் மாணவியின் பிராயச்சித்தமும் இவ்விடத்தில்தான் சிந்தனைக்குரியதாகிறது. குளிக்குமிடத்தில் தானும் வீசியெறிந்தவள் என்ற குற்றவுணர்வு உறுத்த, விழாவுக்குக் கேரியை அழைத்துச் செல்லுமாறு தன் காதலனை வேண்டிக்கொண்டு, தான் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அவளுடைய தியாகத்தில் கபடமில்லை. ஆனால் தனக்கு மிகப் பிரியமானதைக் கொடுக்க முன்வந்த அந்தப் பெண், கேரியின் எதிரில் போய் நின்று, “நானும் அன்று எறிந்தேன், மன்னித்துவிடு” என்று ஏன் சொல்லவில்லை? கொடுப்பவன் கௌரவம் குன்றாமல் கொடுத்துவிடலாம். மன்னிப்புக் கேட்பவனோ, தான் இழிவாக நடத்தியவனின் முன்பு அந்தக் கணமேனும் தாழ்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. இருவரும் நேருக்கு நேர் வருவது, அவமானப்பட்ட கேரியின் அமானுஷ்ய சக்தியால் ஊர் எரிந்து, அவள் உயிர் பிரியும் தறுவாயில்தான். அப்போது தன் விசேஷ சக்தியால் சூவின் உள்ளத்துக்குள் புகுந்து, அங்கே வஞ்சமில்லை என்று கேரி தானாகவே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. வாயால் சொல்லியிருக்கக்கூடியதை அறிய அத்தனை தொலைவு வந்தாக வேண்டியிருந்தது.

என்னிடம் படித்த பிள்ளைகளுள் ஒருவர் இன்று வந்து இந்நாவலைப் படிக்கலாமா என்று கேட்டால், படிக்கத்தான் சொல்வேன். படித்துவிட்டு வந்தபின், ஊர் பற்றியெரிந்த கதையை என்னிடம் விவரிக்க வேண்டாம். அந்த மண்டபத்தில் வாளியைக் கட்டாமல் சிரிக்க மட்டும் செய்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றே முதலில் கேட்பேன்.