காரணம் காணும் கடமை

ஒரு பொருள் சுடுகிறது என்பதைக் கை அறியும். ஏன் சுடுகிறது என்பதை அறிவுதான் ஆராய்ந்து அறிய வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? இவ்வினாவை அண்மையில் என் வீட்டுக் கணினி என்முன் வைத்தது.

கணினியின் விசிறி ஓயாது இரைந்தது. தட்டச்சுச் செய்த எழுத்துகள் தயங்கித் தயங்கியே திரையில் தோன்றின. செயலியின் வெப்பத்தைக் காட்டும் மென்பொருளைத் திறந்தேன். 95 பாகை செல்சியஸ் என்றது. "ஓயாமல் விளையாடி இதைக் கெடுத்துவிட்டாய்" என்று பேரனைக் கடிந்துகொண்டேன். "இரண்டு வாரமாக நான் அதைத் தொடவே இல்லை, தாத்தா" என்றான். நான் நம்பவில்லை. சான்று தேடுமுன் தீர்ப்பு வழங்கிவிட்டேன்.

சினம் தணிந்த பின்னரே ஆராயத் தொடங்கினேன். செயலி நுகரும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பம் செயலியின்மேல் பொருத்திய உலோகத் தகடுகளுக்குச் சென்று, விசிறிக் காற்றால் வெளியேறுகிறது. ஆகவே சூடு மிகுந்தால் இரண்டில் ஒன்றை ஐயுறலாம்: உண்டாகும் வெப்பம் கூடியிருக்கலாம், அல்லது அது வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம்.

முதலில் பணிச்சுமையைப் பார்த்தேன். விளையாட்டு எதுவும் இயங்கவில்லை. செயலிக்குச் சுமையும் மிகச் சிறிதே. பேரன்மீது சாட்டிய குற்றம் அங்கேயே பொய்த்தது. அடுத்து வெயிலைக் குறை கூறினேன். அறையின் வெப்பம் 5 பாகை கூடினால் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். 40 பாகை ஏற்றத்திற்கு வெயில் விடையாகாது.

எஞ்சியவன் நான் ஒருவனே. தூசு படியலாகாது என்று கணினியை மேசையடி மரப்பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடியவன் நான்தான். கதவைத் திறந்து அரைமணி நேரம் காத்திருந்தேன். வெப்பம் 12 பாகை தணிந்தது. மீண்டும் மூடினேன், மீண்டும் ஏறியது. ஒன்றை மாற்றிப் பார்ப்பது பாதிச் சான்று. பழைய நிலைக்குத் திருப்பியும் பார்ப்பதே முழுச் சான்று. பின்னர் மின்னிணைப்பைத் துண்டித்து மூடியைக் கழற்றினேன். தகடுகளின் இடைவெளியெங்கும் தூசு பஞ்சுபோல் அடைத்துக் கிடந்தது. பல ஆண்டுகளாக அதை நான் துடைத்ததே இல்லை. தூசியை அகற்றிக் கதவையும் திறந்து வைத்தபின், வெப்பம் 50 பாகைக்கு இறங்கியது.

எழுத்துகள் தயங்கியதன் பொருளும் அப்போது விளங்கியது. இக்காலச் செயலிகள் பல, 100 பாகையை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளுமாறு அமைந்தவை. சூடு அதற்கும் அடங்காவிடில் கணினி தானே நின்றுவிடும். நான் பழுது என எண்ணியது உண்மையில் தற்காப்பு.

இதை அறிந்தபோது ஒரு பழைய முகம் நினைவிற்கு வந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில், வகுப்பில் உறங்கிய மாணவன் ஒருவனைச் சோம்பேறி என்று கூறி நாள்தோறும் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். விடியுமுன் தாயோடு பால்மரக் காட்டிற்குச் சென்று மங்கு துடைத்துவிட்டே அவன் பள்ளிக்கு வந்தான் என்பதை ஆண்டிறுதியில்தான் அறிந்தேன். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை.

நோயின் முதலை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்பது, 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. அதைப் பரிமேலழகர் உரையோடு பல்லாண்டு கற்பித்தவன் நான். ஆயினும் அம்மாணவனிடத்தும் அதைக் கடைப்பிடிக்கவில்லை, பேரனிடத்தும் கடைப்பிடிக்கவில்லை.

எல்லாவற்றிற்கும் காரணம் தேடிக்கொண்டே போனால் யாரையும் கண்டிக்க இயலாது போய்விடாதா எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. ஆனால் காரணம் காண்பது பொறுப்பை அழிப்பதன்று. அதை உரிய இடத்தில் வைப்பது. என் கணினி சுட்டதற்கும் ஒருவர் பொறுப்பாளியே. அவர் என் பேரன் அல்லர் என்பதுதான் செய்தி. நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் காரணம் நமக்கு விரைவில் அகப்படுகிறது. அகப்பட்டதும் தேடலை நிறுத்திவிடுகிறோம். அறத்தில் நாம் வழுவும் இடம் அதுவே.

மறுநாள் பேரனிடம், "தவறு என்னுடையது, ஐயா" என்றேன். அவன் சிரித்துவிட்டு, அடுத்தமுறை தூசு துடைக்கத் தன்னையும் அழைக்கச் சொன்னான். அவனிடம் தவற்றை ஒப்புக்கொள்ள எனக்கு வாய்ப்பிருந்தது. பெஞ்சின்மேல் நின்ற அந்தச் சிறுவனிடம் அதைச் சொல்ல எனக்கு இன்று வழியில்லை.