மலையேறும் நதி

பைபிளில் ஏசாயா இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்திலும், மீகா நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்திலும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் ஒரு தரிசனம் வருகிறது. கடைசி நாட்களில் கடவுளின் ஆலயம் நிற்கும் மலை மற்ற மலைகளுக்கு மேலாக உயரும். தேசங்கள் அவருடைய வழிகளைக் கற்றுக்கொள்ள அங்கே போகும். அவற்றின் வழக்குகளை அவர் தீர்ப்பார். பிறகுதான் வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும், யுத்தம் என்ற வித்தையை யாரும் கற்கமாட்டார்கள்.

உலகத்துக்குப் பிடித்துப்போனது இதன் கடைசிப் பகுதி மட்டும். 1959இல் சோவியத் யூனியன் ஐ.நா. சபைக்கு அளித்த வுச்செட்டிச்சின் சிற்பத்தில் ஒரு மனிதன் வாளை அடித்துக் கொழுவாக்குகிறான். சபைக்கு எதிர்ப்புறமுள்ள சுவரிலும் அந்தப் பகுதியே பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டிலும் மலை இல்லை, கற்க வந்தவர்கள் இல்லை, நீதிபதியும் இல்லை. இந்த விடுபடல் தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. 1982இல் சோவியத் அணியிலிருந்த கிழக்கு ஜெர்மனியில், அதே சிற்பத்தின் உருவத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்ட இளைஞர்களைப் போலீஸ் நிறுத்தி அதை அகற்ற வைத்தது. சமாதானத்தைப் பரிசாகக் கொடுப்பது எந்த அரசுக்கும் சுலபம். அதே வாக்கியத்தால் தான் நியாயம் விசாரிக்கப்படுவதுதான் சகிக்க முடியாதது.

தேசங்கள் மலைக்கு வரும் வருகையைக் குறிக்கும் எபிரேய வினை, நதி என்ற சொல்லோடு உறவுடையது. அதாவது நதி மேல்நோக்கி ஓடுகிறது. ஏசாயாவின் காலத்தில் எருசலேமை நோக்கி வந்த அந்நியர்கள் யார்? கி.மு. 701இல் வந்தது அசீரிய மன்னன் சனகெரிபின் சேனை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஆயுதமில்லாமல், ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு, மாணவர்களாக வரும் தேசங்களைக் கற்பனை செய்வது சாதாரணக் காரியமல்ல. அவர்களை யாரும் வென்று இழுத்து வரவில்லை. யாரும் போதகர்களை அனுப்பி மாற்றவும் இல்லை.

இது ஒரு சிறிய இனம் தன் குன்றை இமயமாக்கிக்கொண்ட கர்வம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கு முந்தின அதிகாரம் அதே எருசலேமைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. தரிசனம் முடிந்த கையோடு ஏசாயா தேசங்களை விட்டுவிட்டுத் தன் ஜனங்களிடம் திரும்பி, நீங்களும் நடங்கள் என்கிறார். அவர்களுடைய வெள்ளியையும் குதிரைகளையும் விக்கிரகங்களையும் கணக்கெடுக்கிறார். மலையடிவாரத்தில் குடியிருப்பதால் மட்டும் மலை ஒருவனுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. மீகா இன்னும் வியப்பூட்டுகிறார். ஒவ்வொரு ஜனமும் தன் தன் தெய்வத்தின் பெயரால் நடப்பதைச் சொல்கிறார், அதைக் கண்டிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்.

அங்கிருந்து புறப்படும் 'தோரா' என்ற சொல்லுக்குப் போதனை, வழிகாட்டல் என்று பொருள். தமிழ் பைபிள் இவ்விடத்தில் 'வேதம்' என்கிறது. நம்மிடையே அச்சொல், யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்று வகுத்துவைத்த ஒரு நீண்ட ஞாபகத்தைச் சுமந்து நிற்கிறது. அந்த ஞாபகத்தோடு படிக்கும்போதுதான் வாசலில் யாரும் தடுக்கப்படாத அந்த மலை எனக்கு அர்த்தப்படுகிறது.

ஆனால் திறந்த வாசல் பாதி விஷயம்தான். உள்ளே போகிறவன் தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொள்ளும் உரிமையை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். கற்பது என்பதற்கு ஏசாயா தரும் பொருள் இது என்று நான் நினைக்கிறேன். ஆயுதத்தைக் கீழே வைப்பது அதற்குப் பின்னால் வரும் காரியம். தீர்ப்பு தனக்கு எதிராகவும் வரக்கூடும் என்று தெரிந்தே எந்த தேசம் மலையேறும்? தேசம் கிடக்கட்டும், சொந்தக் கருத்தோடு எழுதும் நம்மில் யார் ஏறுவோம்?