பாலமும் இணக்கமும்

வட அயர்லாந்திலே ஃபாயில் ஆற்றின் இருமருங்கும் பரந்த நகரொன்றுளது. அதனை டெரி என்பர் ஒரு சாரார். இலண்டன்டெரி என்பர் மற்றொரு சாரார். பெயரிலேயே பிணக்குண்மையின் யாம் அதனை ‘அந்நகர்’ என்றே கூறிச் செல்வாம். மேலைக் கரையில் வாழ்வோர் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆண்டிருந்த புரொட்டஸ்டண்டு மக்களிற் பலர், 1969-க்குப் பிற்பட்ட கலகக் காலத்தே கீழைக் கரைக்குக் குடிபெயர்ந்தனர். இவ்விரு கரையையும் இணைத்து, நடப்போர்க்கும் மிதிவண்டியிற் செல்வோர்க்குமென அமைத்த ‘அமைதிப் பாலம்’ 2011 ஜூன் 25-இல் திறக்கப்பெற்றது. பாலம் பகை தீர்க்கவல்லதோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வல்லது என்பாரை யாம் வினாவுவது ஒன்று. அவ்வாற்றின்மேல் 1933-இலேயே கிரெய்கவன் பாலம் திறக்கப்பட்டதன்றோ? அஃதிருக்கவே பகை மூண்டது. பிரிந்து போதற்கும் அதுவே வழியாயிற்று. ஆகலின், குடத்துக்குத் திரிகைபோல இணக்கத்துக்குப் பாலம் துணைக்காரணமேயாம். வனைவோன் வேறு.

அற்றேல் அவன் யாவனெனின், பாலத்தின் இருமுனைகளையும் நோக்குக. மேலைமுனை கில்டுஹால் என்னும் நகர மண்டபத்தருகே இறங்குகின்றது. 1972 ஜனவரி 30-இல் அந்நகரில் ஊர்வலஞ் சென்ற மக்களைப் பிரிட்டிஷ் படைஞர் சுட்டனர்; 13 பேர் அன்றே மாண்டனர். அவ்வாண்டே நடந்த முதல் விசாரணை படைஞர்க்குப் பெரிதும் சார்பாய் முடிந்தது. 38 ஆண்டு கழிந்து, 2010 ஜூன் 15-இல் வெளிவந்த சாவில் பிரபுவின் அறிக்கை, சுடப்பட்டோர் எவரும் பிறருயிர்க்கு ஊறு விளைப்பாராய் நின்றிலர் என நிறுவிற்று. பிரதமர் கேமரன் பாராளுமன்றத்தில் அரசின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். அதனை மக்கள் கில்டுஹால் முன்றிலிற் கூடிநின்று கேட்டனர். கீழைமுனையோ, 2003 வரை படையிருந்த எப்ரிங்டன் பாசறையில் இறங்குகின்றது. மாண்டோர் குற்றமிலர் என்னும் அவ்வொரு சொல் பிறவாதிருந்தால், மண்டபத்தினின்று பாசறைக்கு இட்ட வழியை அமைதியென அழைக்க யார் துணிவர்? உண்மையை மறைத்தார் வாயே அதனைக் கூறுதல் வேண்டும். அதுவே வனையுங் கை.

இதனால் கணக்குத் தீர்ந்ததென்று யாம் கூறவில்லை. ஆயுதக் குழுவினராற் கொலையுண்டோர் இரு சாராரிலும் பலர்; அவர்தங் குடும்பத்தார்க்கு இத்துணை நெடிய விசாரணை வாய்த்திலது.

பாலத்தின் அமைப்பு ஒன்று எம் கருத்தைக் கவர்ந்தது. இரு தூண்கள் எதிரெதிர் சாய்ந்து நிற்க, அவை தாங்கும் இரு பகுதிகளும் நடு ஆற்றில் ஒன்றையொன்று கடந்து அமைந்துள்ளன. கைகோத்தலைக் காட்டுவதென்பர். ஒன்றிற் கரையாமலும் இரண்டாய்ப் பிரியாமலும் நிற்கும் நிலை, அத்துவிதம் என்னுஞ் சொற்பொருளை ஆராய்ந்தார்க்குப் புதிதன்று. எனினும் இரும்புப் பாலத்தின்மேல் அவ்வுவமையை மேலும் ஏற்றுதல் தகாது.

இன்றும் வட அயர்லாந்தில் இரு சாரார் சிறாரும் பெரும்பாலும் வெவ்வேறு பள்ளிகளிலேயே பயில்கின்றனர்.