கண்ணுக்குத் தெரியாத சரக்கை எந்தத் தராசில் நிறுப்பது?

 

 

கிருஷ்ணகிரிச் சந்தையில் மாம்பழம் வாங்கப் போகிறவர் சும்மா வாங்கிவிடுவதில்லை. கையில் எடுத்துப் பார்க்கிறார், காம்பருகே முகர்ந்து பார்க்கிறார், லேசாக அழுத்திப் பார்க்கிறார், பிறகுதான் விலை பேசுகிறார். இராயக்கோட்டைத் தக்காளிக்கும் இதே கதைதான். விலையையும் தரத்தையும் சீர்தூக்கி வாங்குவது மார்க்கம் வெறுக்கும் காரியமன்று. பொருளை வீணாக்காமல் காப்பது நம்மீது கடமையும்கூட.

இன்றோ, முகரவும் முடியாத, அழுத்திப் பார்க்கவும் முடியாத ஒரு சரக்கு நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் புகுந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேர், செல்போனில் பிள்ளைகள் ஆடும் விளையாட்டு, மெமரி கார்டில் ஏறும் பாட்டும் பைத்தும் பயானும் ஆகியவைதாம் அந்தச் சரக்கு. எடை இல்லை, உருவம் இல்லை. ஒன்றை ஆயிரமாக நகல் எடுத்தாலும் மூலம் குறைவதில்லை. ஆகவே, இதில் ஹலால் ஹராம் எங்கே வந்தது என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். அந்த அலட்சியத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

நம் பகுதியின் நிலை

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பின், இந்த எல்லை நகரத்தின் முகமே மாறிற்று. கடிகாரமும் இருசக்கர வாகனமும் லாரியும் இங்கே உற்பத்தியாகின்றன. பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். ஒரு காலத்தில் லேத் மெஷினும் வெர்னியர் அளவியும் போதுமாயிருந்த இடத்தில், இன்று சி.என்.சி. இயந்திரமும், அதற்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சாஃப்ட்வேரும் இல்லாமல் ஜாப் ஒர்க் கிடைப்பதில்லை. கடைத்தெருவிலோ டி.டி.பி. சென்டர், பிளெக்ஸ் பேனர் அச்சகம், செல்போன் கடை. நம் சமுதாயத்து இளைஞர்கள் பலருக்கு இவற்றில்தான் வயிற்றுப் பிழைப்பு.

ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து சற்று நேரத்தில் பெங்களூர். சாமான் வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வருவது நம்மவருக்குப் பழக்கமானது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள சாஃப்ட்வேரை, பூட்டை உடைத்த 'கிராக்' நகலாகச் சில நூறு ரூபாய்க்கு ஏற்றிக் கொடுப்போர் எந்த ஊரிலும் உண்டு. இப்போது அந்தப் பயணமும் தேவையில்லை. இருந்த இடத்திலிருந்தே இறக்கிக்கொள்கிறார்கள். செல்போன் கடையில் சொற்பக் காசுக்கு மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவதும் நாம் அறிந்ததே. கொடுப்பவருக்கும் கூச்சமில்லை, வாங்குபவருக்கும் கூச்சமில்லை.

இது ஒருவருடைய சொத்தா?

முதலில் தீர்க்க வேண்டிய மஸ்அலா இதுவே. கையால் தொட முடியாத உரிமை சொத்தாகுமா? நம் ஹனஃபி மத்ஹபின் முந்தைய நூல்களில், தனித்து நிற்கும் வெறும் உரிமையை விலைக்கு விற்க இயலாது என்னும் கருத்து உண்டு. அதை ஆதாரமாகக் கொண்டு, நூல் பதிப்புரிமையை ஏற்காத பெரியோர்களும் இருந்தார்கள். அவர்களின் இல்மையும் இக்லாஸையும் நாம் மதிக்கிறோம்.

ஆனால் காலம் மாறி, இவ்வுரிமைகள் வியாபாரிகளின் வழக்கத்தில் விலையுள்ள பொருளாகவே ஆகிவிட்டபோது, உலக உலமாக்கள் கூடி ஆராய்ந்தார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் நடைபெற்ற சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் ஐந்தாம் அமர்வில், வியாபாரப் பெயர், நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியவை ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமைகள், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானிக்கப்பட்டது. மௌலானா முஃப்தி தகீ உஸ்மானி அவர்களும் இவ்வுரிமைகளை விரிவாக ஆராய்ந்து, அவை மதிக்கப்பட வேண்டியவை என்றே எழுதியுள்ளார்கள். வேறு எந்த முஸ்லிமும் முந்தியிராத ஒன்றை முந்தி அடைந்தவருக்கே அது உரியது என்னும் கருத்தில் அபூதாவூதில் வரும் ஹதீஸ் இங்கே சான்றாகக் காட்டப்படுகிறது.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் கம்ப்யூட்டர் புரோகிராமும் சேர்க்கப்பட்டது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க 1994இல் திருத்தம் வந்தது. ஒரு முஃமின், சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நேர்மையாக இருப்பவன் அல்லன். ஆயினும் தன்னையும் குடும்பத்தையும் அவமானத்தில் தள்ளும் காரியத்தில் அவன் இறங்கலாமா?

சொல்லப்படும் சாக்குகள்

கம்பெனிக்காரர்கள் கோடீஸ்வரர்கள், வெளிநாட்டார், நாம் எடுப்பதால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்பது முதல் சாக்கு. கோடீஸ்வரன் வீட்டு மாமரத்திலிருந்து ஒரு பழத்தை அனுமதியின்றிப் பறிப்பதை நாம் ஹலால் என்போமா? உரியவன் செல்வந்தன் என்பதாலோ, வேற்று மார்க்கத்தவன் என்பதாலோ அவனுடைய பொருள் நமக்கு ஆகுமாகிவிடாது. ஹிஜ்ரத்தின் இரவில், தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் அமானிதங்களைத் திருப்பி ஒப்படைக்க ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்ற நபியின் உம்மத்தினர் நாம்! அதுமட்டுமா? ஓசூரிலிருந்து அதிகாலையில் பஸ் ஏறி, எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் சாஃப்ட்வேர் எழுதிவிட்டு இரவில் திரும்பும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களின் சம்பளம் எங்கிருந்து வருகிறது? யாரோ ஒருவர் நேர்மையாக விலை கொடுப்பதிலிருந்துதான்.

விலை அநியாயமாக இருக்கிறதே என்பது இரண்டாவது சாக்கு. சில சமயம் அது உண்மையும்கூட. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு ஸஹாபாக்கள் வேண்டினார்கள். விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்வே என்றும், எவருடைய உயிரிலும் பொருளிலும் அநீதி செய்தவராகத் தாம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றும் கூறி, நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். விற்பவனின் பொருள் விஷயத்தில் அவ்வளவு பேணுதல்! விலை அதிகமென்றால் வாங்காமல் திரும்ப நமக்கு உரிமை உண்டு; எடுத்துக்கொண்டு திரும்ப உரிமை இல்லை.

பிழைப்புக்கு வேறு வழியில்லை, இது நிர்ப்பந்தம் என்பது மூன்றாவது சாக்கு. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்னும் சட்டவிதி உண்மையே. ஆனால் ஹலாலான வழி திறந்திருக்கும்போது நிர்ப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வழி திறந்தே இருக்கிறது. அதைக் கீழே சொல்வோம்.

வாங்குபவரின் தராசு

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் முதஃப்பிஃபீன் சூராவைச் சற்று சிந்தியுங்கள். கொடுக்கும்போது குறைப்பவர்கள் மட்டுமல்ல, வாங்கும்போது மட்டும் நிறைவாக அளந்துகொள்ளும் அவர்களுடைய குணமும் அங்கே எடுத்துக்காட்டப்படுகிறது. ஆக, தராசு வாங்குபவர் கையிலும் இருக்கிறது.

பட்டு வியாபாரியாக இருந்த இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி. ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டுவந்து 100 திர்ஹம் கேட்டார். இது அதைவிட அதிகம் பெறும் என்றார்கள் இமாமவர்கள். அப்பெண் கூட்டிக் கூட்டி 400 வரை வந்தும், இன்னும் பெறும் என்றார்கள். இறுதியில் மதிப்பிட ஒருவரை அழைத்து, 500 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். வாங்குகிறவரே விலையை உயர்த்துகிறார்! நாமோ 500 பெறுமானமுள்ளதை ஒன்றும் கொடுக்காமல் எடுத்துவிட்டு, சாமர்த்தியம் என்று பெருமை பேசுகிறோம்.

ஆகவே, இச்சரக்கை வாங்குமுன் நான்கு கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று: இது நமக்குத் தேவையா? கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் மட்டும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் விலையுயர்ந்ததை நாட வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸ் இலவசம். படம் திருத்த கிம்ப், பேனர் வரைய இங்க்ஸ்கேப், இயந்திர உறுப்பு வரைய ஃப்ரீகேட், கம்ப்யூட்டரையே இயக்க லினக்ஸ் என்று எல்லாமே உரியவர்கள் மனமுவந்து அனுமதித்தவை. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கி வைத்த இயக்கத்தின் பலன்கள் இவை. நம் சென்னையிலுள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் 'பாஸ்' என்னும் லினக்ஸைத் தமிழுடன் வெளியிட்டது. ஊர்ப் பொதுவுக்குக் கிணறு வெட்டி விடுபவரைப் போல இவர்கள் கொடுத்திருக்க, அடுத்தவர் வீட்டுச் சுவரேறிக் குதித்துத் தண்ணீர் இறைப்பானேன்? தரத்தில் சில இடங்களில் குறை இருக்கலாம். பழகச் சில வாரம் பிடிக்கலாம். அந்தச் சிரமமே ஹலாலுக்கு நாம் கொடுக்கும் விலை.

இரண்டு: விற்பவர் விற்க உரிமை உள்ளவரா? சந்தை விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக 'ஒரிஜினல் கீ' என்று விற்றால், அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் உள்ள சந்தேகமானவற்றைத் தவிர்ப்பவரே தம் தீனைக் காத்துக்கொண்டார் என்பது நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற ஹதீஸின் கருத்து.

மூன்று: என்ன நிபந்தனையில் தருகிறார்? முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழியின் போதனை. மாணவர்கள் படிப்பதற்காக இலவசமாகத் தரப்படும் வரைபட சாஃப்ட்வேரைத் தம்பியின் கல்லூரிப் பெயரில் வாங்கி, பட்டறையில் ஜாப் ஒர்க்குக்குப் பயன்படுத்துவது வாக்கு மீறலன்றி வேறென்ன? அதே சமயம், முறைப்படி வாங்கியவர் பாதுகாப்புக்காக நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. அதில் வீண் சந்தேகம் வேண்டாம்.

நான்கு: தரம் விலைக்குத் தகுமா? பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் வேண்டாமென்று சொல்லும் உரிமையை நம் மத்ஹபு வாங்குபவருக்கு வழங்கியிருக்கிறது. 'கியாருர் ருஃயா' என்பது அதன் பெயர். இன்றைய சரக்கிலும் அதற்கு ஒப்பானது உண்டு. பல சாஃப்ட்வேர்கள் சோதனைக்காகச் சில நாள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'ஸ்டீம்' என்னும் விளையாட்டுக் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கிராக் நகலுக்கு இந்த உரிமை ஏது? அதனோடு வைரஸ் வந்தால் யாரிடம் முறையிடுவது? 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, பணயத்தொகை கேட்டது. கம்பெனி இரண்டு மாதம் முன்பே அனுப்பியிருந்த பாதுகாப்புத் திருத்தத்தைப் பெறாத கம்ப்யூட்டர்களே அதில் சிக்கின. திருட்டு நகலோ பெரும்பாலும் அத்தகைய திருத்தங்களைப் பெறாமலே கிடக்கிறது. பட்டறையின் வரைபடமெல்லாம் ஓர் இரவில் பறிபோனால், மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு?

விளையாட்டும் பாட்டும்

விளையாட்டுகளில் இலவசம் என்று வருபவையே அதிக எச்சரிக்கைக்கு உரியவை. உள்ளே நுழைந்தபின், என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்கின்றன. கிடைத்தால் வாள், இல்லையென்றால் வெறும் தூசி! தெரியாத பொருளுக்குப் பணம் கொடுக்கும் இந்த வியாபாரத்தில் ஃகரரும் சூதின் வாடையும் இருக்கின்றன. பெல்ஜியம் நாடு 2018இலேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று முடிவு செய்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க நம் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. தாய்மார்கள் செல்போனைப் பிள்ளையின் கையில் கொடுக்குமுன், பணம் கட்டும் வழியைப் பூட்டி வைப்பது அவசியம். ஒரே விலை கொடுத்து வாங்கிவிடும் ஒழுக்கமான விளையாட்டு, இலவசமாக வந்து மாதந்தோறும் உறிஞ்சுவதைவிட மலிவு.

இசைக்கருவிகள் பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கே விரிக்கவில்லை. கிராஅத்தும் பைத்தும் நபிபுகழும் கேட்போருக்கு ஒரு வார்த்தை. ஒலிப்பதிவின் தரத்தை எண்ணால் குறிப்பார்கள். 128 என்பது சாதாரணம், 320 என்பது உயர்வு. செல்போனின் சிறு ஒலிபெருக்கியில் கேட்க 128 போதும். அதற்குமேல் காசைக் கொட்டுவது வீண்விரயம். ஆனால் 128இல் உள்ளதை மாற்றி 320 என்று பெயரிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். எண் கூடுமே தவிர, இழந்த ஒலி திரும்பாது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்களே, அந்த ஈரமும் இந்த எண்ணும் ஒன்றுதான். அல்லாஹ்வின் வேதம் ஓதப்படும் பதிவையே உரியவரின் தடையை மீறி நகலெடுத்து விற்றால், அந்த வியாபாரத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது? பொதுமக்களுக்கென்றே இலவசமாக விடப்பட்ட கிராஅத்துகள் ஏராளமாக இருக்கின்றனவே!

இனி என்ன செய்வது?

கிராக் நகலில் தொழில் நடத்தி வருபவர் மனமுடைந்து போக வேண்டியதில்லை. தௌபாவின் வாசல் திறந்திருக்கிறது. இன்றே நிய்யத் வையுங்கள். எதற்கெல்லாம் அனுமதியுள்ள இலவச மாற்று உண்டோ அவற்றை முதலில் மாற்றுங்கள். மாற்று இல்லாததற்குக் கம்பெனியை அணுகிக் கேளுங்கள். மாதக் கட்டணத்தில், குறைந்த வசதியுள்ள பதிப்பு பலவற்றுக்கு உண்டு. செல்போன் கடை நடத்தும் தம்பிமார்கள் பாட்டு ஏற்றும் தொழிலை விட்டுவிட்டு, பழுது பார்ப்பது, உதிரி பாகம் விற்பது போன்ற தூய்மையான வருமானத்தைப் பெருக்கிக்கொள்ளட்டும். கடந்த வருமானம் பற்றிய சந்தேகங்களை உங்கள் பகுதி உலமாக்களிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஜமாஅத்தார்கள், மதரஸா அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்தே இந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கினால் நலம்.

நெடும்பயணம் செய்து, தலைவிரிகோலமாகப் புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கையேந்தி இறைஞ்சும் ஒரு மனிதரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவருடைய உணவும் உடையும் ஹராமாக இருக்க, துஆ எங்ஙனம் ஏற்கப்படும் என்று வினவினார்கள். நம் பட்டறையில் ஓடும் சாஃப்ட்வேரே அன்றாடம் நம் வீட்டு உலைக்கு அரிசி கொண்டுவருகிறது என்றால், அது எப்படி வந்தது என்று பார்ப்பது நம் துஆவைக் காப்பதாகும்.

வல்ல நாயன் நமக்கு ஹலாலான ரிஸ்கைப் போதுமானதாக்கி, ஹராமை விட்டும் தூரமாக்கி, வாங்குவதிலும் விற்பதிலும் நீதமுடையோராக வாழச் செய்வானாக! ஆமீன்.