பூட்டிய அறைக்குப் பொறுப்பாளி யார்?

2004 அக்டோபரில் ராக்ஸ்டார் நிறுவனம் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. 2005 ஜூனில் அது கணினிக்கும் வந்தது. உடனே நெதர்லாந்து நாட்டவர் ஒருவர் 'ஹாட் காபி' என்ற சிறு இணைப்பை வெளியிட்டார். அதைப் பொருத்தினால் ஆபாசக் காட்சியொன்று திறந்துகொள்ளும்.

'இது வெளியாரின் கைவரிசை' என்றது நிறுவனம். ஆனால் அவர் புதிதாக எதையும் வரையவில்லை. விற்ற வட்டிலேயே காட்சி கிடந்தது. பூட்டைத்தான் அவர் எடுத்தார். ஜூலை 20-ல் அமெரிக்கத் தரநிர்ணயக் குழு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு உரியது என்ற சான்றை மாற்றி, 18 நிரம்பியோருக்கு மட்டுமே என்று அறிவித்தது.

ஓர் அறையில் நஞ்சைப் பூட்டிவைத்து, அவ்வறை இருப்பதையே சொல்லாமல் வீட்டை விற்றவனை நாம் நேர்மையான வணிகன் என்போமா? குறையை மறைத்து விற்பது மோசடி என்பதை வாசகர்கள் அறிவார்கள். சான்றை நம்பி மகனுக்கு வாங்கிக் கொடுத்த தகப்பனார் என்ன தவறு செய்தார்?

ஆயினும் திறந்து பார்த்தவர்களை நாம் விட்டுவிடுவதற்கில்லை. நிறுவனம் திருத்தப் பதிப்பை வெளியிட்டு அவ்வழியை அடைத்தது. அதன் பின்னும் சிலர் பழைய பதிப்பைத் தேடி ஏற்றினார்கள்; இணைப்பு ஓடாவிட்டால் கோப்பு கோப்பாகச் சோதித்தார்கள். (வேறு நல்ல இணைப்புகளுக்காகப் பழையதை நாடியோரும் உண்டு; அவர்களை நாம் சொல்லவில்லை.) தற்செயலாக விழும் பார்வை வேறு, வேண்டிப் பார்க்கும் பார்வை வேறு. ஒரு மாலைப்பொழுதையே செலவிட்டுப் பழுது நீக்கியவர், 'அது ஏற்கெனவே வட்டில் இருந்ததுதானே' என்று யாரிடம் சொல்வார்?